வீட்டில் குழந்தைகளுக்கான சிறிய டிராம்போலின்: தேர்வு முதல் பராமரிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சிறிய டிராம்போலின் ஒன்றை வீட்டுக்கு வாங்குவது என்று முடிவெடுத்தவுடன் பெரும்பாலான பெற்றோர் நிறத்தையும் விலையையும் ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. குழந்தையின் எடை, கைகளை உயர்த்தி நிற்கும்போது விரல் நுனி எட்டும் உயரம், டிராம்போலினை வைக்கப்போகும் இடத்தின் நீளம், அகலம், கூரை உயரம் ஆகியவற்றை அளந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுகள் கையில் இருந்தால், சந்தையில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் நமக்குப் பொருந்தாதவை என்பது பார்த்த உடனேயே தெரிந்துவிடும்.

இந்த வழிகாட்டி, ஏறக்குறைய 90 முதல் 140 சென்டிமீட்டர் விட்டமும் தரையிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, வீட்டுக்குள் வைக்கும் டிராம்போலின்களைப் பற்றியது. தோட்டத்தில் நிறுத்தும் பெரிய டிராம்போலினுக்குக் காற்றில் கவிழாமல் நங்கூரமிடுவது தொடங்கி வேறு பல தேவைகள் இருப்பதால், அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

டிராம்போலினைப் பற்றி மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012ஆம் ஆண்டு வெளியிட்ட கொள்கை அறிக்கையில், வீடுகளில் பொழுதுபோக்குக்காக டிராம்போலின் பயன்படுத்துவதை ஊக்குவிக்க வேண்டாம் என்று உறுதியாகக் கூறியிருக்கிறது. காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் குதிக்கும்போது நேர்கின்றன என்பதும், அப்படிக் குதிப்பவர்களில் எடை குறைந்த குழந்தைக்கே காயம் ஏற்படும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பதும், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் எலும்புகளே முறிவுக்கு அதிகம் ஆளாகின்றன என்பதும் அந்த அறிக்கை எடுத்துக்காட்டும் முக்கியமான செய்திகள்.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால், பின்னால் சொல்லப்போகும் விதிகளெல்லாம் தாமாகவே விளங்கும். பெரிய பிள்ளையோ பெரியவரோ குதித்து இறங்கும்போது விரிப்பு ஆழமாகக் கீழே போய், பிறகு வேகமாக மேலே எழும்புகிறது. அதே கணத்தில் எடை குறைந்த குழந்தை மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தால், கீழே இறங்கும் அதன் கால்களை மேலே ஏறிவரும் விரிப்பு எதிர்கொண்டு தாக்குகிறது. குழந்தை கீழே விழவே இல்லை, எதிலும் மோதவும் இல்லை. ஆனாலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, அதாவது கீழ்க்கால் முன்னெலும்பின் மேற்பகுதியில், முறிவு ஏற்பட்டுவிடலாம். இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளிடம் காணப்படும் இந்த முறிவை மருத்துவர்கள் டிராம்போலின் முறிவு என்றே அழைக்கிறார்கள். எனவே, ‘ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்’ என்ற விதியைக் காக்க முடியாத வீட்டில் டிராம்போலின் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு தரமான வலையும் மெத்தையும் இருந்தாலும் இந்த ஒரு விதிக்கு அவை ஈடாக மாட்டா.

வயதைப் பொறுத்தவரை, மூன்று வயது நிறையாத குழந்தைக்கு எந்த வகை டிராம்போலினும் வேண்டாம். மூன்று முதல் ஆறு வயதுக்குள் என்றால், கைப்பிடி உள்ள, மிகத் தாழ்வான, அந்த வயதுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஒன்றை மட்டும், பெரியவர் கையெட்டும் தொலைவில் நிற்கும்போது மட்டும் பயன்படுத்தலாம். ஆனால் மருத்துவர்களின் எச்சரிக்கை இந்த வயதினரைப் பற்றித்தான் மிக அழுத்தமாக இருக்கிறது என்பதால், காத்திருக்க முடியுமானால் காத்திருப்பதே நல்லது. எலும்பு வலிமை குறைந்த குழந்தைகள், அண்மையில் எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ கண்ட குழந்தைகள், கழுத்து மூட்டு தளர்வாக இருக்க வாய்ப்புள்ள டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் ஆகியோருக்கு மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் வாங்க வேண்டாம்.

இடத்தை அளத்தல்

கூரை உயரத்தைக் கணக்கிடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். குழந்தை சிறியதுதானே என்று கண்ணளவில் விட்டுவிடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குழந்தையின் உயரம் 115 சென்டிமீட்டர் என்றால், கைகளை உயர்த்தும்போது விரல் நுனி ஏறக்குறைய 145 சென்டிமீட்டரை எட்டும். விரிப்பின் உயரம் 25 சென்டிமீட்டர், உற்சாகமாகக் குதித்தால் எழும்பும் உயரம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 210 சென்டிமீட்டர் ஆகிறது. குழந்தை வளரும் என்பதையும், குதிக்கும் உயரம் பழகப் பழகக் கூடும் என்பதையும் எண்ணி, இதற்கு மேல் இன்னும் 50 சென்டிமீட்டராவது விட வேண்டும். ஆக, 260 சென்டிமீட்டருக்குக் கீழே எந்தப் பொருளும் தொங்கக் கூடாது. மூன்று மீட்டர் உயரக் கூரையிலிருந்து ஒரு தண்டில் தொங்கும் மின்விசிறியின் இறக்கைகள் இந்த வரம்பை ஏறக்குறைய தொட்டுவிடும். அதனால் கணக்கு எப்படி வந்தாலும் மின்விசிறிக்கோ தொங்கும் விளக்குக்கோ நேர் கீழே டிராம்போலினை வைக்கக் கூடாது. அறையின் வேறு பகுதிக்கு நகர்த்துங்கள், அல்லது வேறு அறையைத் தேர்ந்தெடுங்கள்.

சுற்றிலும் எல்லாப் பக்கங்களிலும் குறைந்தது ஒரு மீட்டர் வெற்றிடம் வேண்டும். 100 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிராம்போலினுக்கு மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள காலி இடம் தேவை என்பது இதன் பொருள். வாங்குவதற்கு முன்பே தரையில் ஒட்டு நாடாவால் அந்த அளவைக் குறித்து, இரண்டு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். நடப்பதற்கும் கதவைத் திறப்பதற்கும் அது இடைஞ்சலாக இருந்தால், டிராம்போலின் வந்த பிறகு மெல்ல மெல்லச் சுவரோரம் தள்ளப்பட்டுவிடும். அப்போது நீங்கள் விட்ட வெற்றிடம் இருக்காது. ஜன்னல், கண்ணாடிக் கதவு, மேசை முனை, புத்தக அலமாரி, படிக்கட்டின் மேல் விளிம்பு, பால்கனித் தடுப்பு ஆகியவற்றின் அருகில் வைக்கவே கூடாது.

தரை சமமாக இருக்க வேண்டும். வழுவழுப்பான ஓட்டுத் தரையில் டிராம்போலின் குதிக்கக் குதிக்க நகர்ந்துகொண்டே போகும் என்பதால், அடியில் அடர்த்தியான ரப்பர் விரிப்பு ஒன்றைப் போடுவது நல்லது. மாடி வீடாக இருந்தால் கீழ்த்தளத்தாருக்குக் கேட்கும் அதிர்வையும் அது குறைக்கும். ஆனால் கனமான கம்பளத்தின் மீதோ பஞ்சு மெத்தையின் மீதோ வைத்தால் கால்கள் சமமில்லாமல் புதைந்து சட்டகம் சாயும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

எடை வரம்பிலிருந்து தொடங்குவோம். ‘அதிக எடை தாங்கும் என்றால் அதிக உறுதி, ஆகவே அதுதான் நல்லது’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் குழந்தைகளின் விஷயத்தில் அது சரியாக வராது. பெரியவர்களின் உடற்பயிற்சிக்காக 100 கிலோவுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்ட டிராம்போலினின் ஸ்பிரிங்குகள், 18 கிலோ எடையுள்ள குழந்தை குதிக்கும்போது பெரிதாக அசைவதில்லை. விரிப்பு போதிய அளவு தாழாமல் இருந்தால் இறங்கும் அதிர்ச்சியில் பெரும்பகுதி குழந்தையின் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போய்ச் சேரும். குழந்தைக்கும் அதில் மகிழ்ச்சி இராது. மறுபக்கம், வரம்பு குழந்தையின் எடையை ஒட்டி இருந்தால் ஒரே ஆண்டில் அது பயனற்றுப் போகும். குழந்தையின் இப்போதைய எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரம்பு உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நடைமுறையில் பொருத்தமாக இருக்கும்.

அடுத்து, விரிப்பைச் சட்டகத்தோடு இணைப்பது எது என்று பாருங்கள். எஃகு ஸ்பிரிங் நீண்ட நாள் உழைக்கும், தனித்தனியாக மாற்றவும் எளிது. ஆனால் கிறீச்சிடும், இடைவெளியில் விரலோ பாதமோ மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. எலாஸ்டிக் கயிறு அல்லது பட்டை ஓசையில்லாதது, இலேசான குழந்தைக்கும் நன்றாக இசைந்து கொடுக்கும், கிள்ளும் இடுக்கு குறைவு. ஆனால் ரப்பர் என்பதால் சில ஆண்டுகளில் தளர்ந்து போகும், மாற்றுப் பட்டைகள் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு எலாஸ்டிக் வகையையே நான் பரிந்துரைப்பேன். ஸ்பிரிங் வகை வாங்கினால் துத்தநாகப் பூச்சு உள்ள ஸ்பிரிங்குகளாகப் பாருங்கள்; பூச்சில்லாதவை ஈரக் காற்றில் விரைவில் துருவேறும்.

சட்டகத்தின் குழாய் மெலிந்ததா தடித்ததா என்பது படத்தில் தெரியாது. ஒரே அளவுள்ள இரண்டு டிராம்போலின்களின் மொத்த எடையை ஒப்பிட்டுப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். எஃகு கூடுதலாக இருப்பதே எடையில் கனமாக இருக்கும். நேரில் பார்க்க முடிந்தால் பற்றவைத்த இடங்களைக் கவனியுங்கள். வெல்டிங் தொடர்ச்சியாக, விரிசலும் ஓட்டையும் இல்லாமல் இருக்க வேண்டும். கால்கள் வட்டத்தின் விளிம்புக்கு நேர் கீழேயோ சற்று வெளியே சாய்ந்தோ இருப்பது அவசியம், ஏனெனில் உள்பக்கம் தள்ளி இருந்தால், குழந்தை ஓரத்தில் மிதித்து ஏறும்போதே எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

விரிப்பு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் நெசவாகவே இருக்கும். அதைத் திருப்பி, ஓரத்தில் வளையங்களைப் பிடித்திருக்கும் நாடாவின் தையலைப் பாருங்கள். பல வரிசைத் தையல் இருக்க வேண்டும். நூல் தொங்கக் கூடாது. அதற்கு மேல் ஸ்பிரிங்குகளை முழுவதும் மூடும் விளிம்பு மெத்தை வேண்டும். சில தயாரிப்புகளில் இது வெறும் துணிப் பாவாடை போல இருக்கும். விரலால் அழுத்தினால் அடியிலுள்ள இரும்பு தட்டுப்படுமானால் அது பாதுகாப்பாகாது.

கைப்பிடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விளம்பரங்கள் அதைப் பாதுகாப்பின் அடையாளமாகக் காட்டுகின்றன. சரியான உயரத்தில் இருக்கும்போது மட்டுமே அது உதவும். குழந்தை விரிப்பின் மீது நிற்கும்போது கைப்பிடி இடுப்புக்கும் மார்புக்கும் இடையில் வர வேண்டும். முகவாய் மட்டத்தில் இருந்தால், ஒரு குதி பிசகினாலும் பற்களும் உதடும் இரும்பில் மோதும். எனவே உயரத்தை மாற்றக்கூடியதாகவும், முழு நீளத்துக்கும் ஃபோம் உறை போட்டதாகவும் இருக்கும் கைப்பிடியைத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்வதையும், அதன் மீது வயிற்றை வைத்துத் தொங்குவதையும் விரும்புவார்கள். இதைத் தாங்க, கைப்பிடி ஒற்றைத் தண்டாக இல்லாமல் இரண்டு கால்களில் ஊன்றியிருப்பதும், அந்தப் பக்கத்துக் கால்கள் நன்றாக வெளித்தள்ளி இருப்பதும் நல்லது. கடையில் வைத்திருக்கும் மாதிரியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஆட்டிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

பாதுகாப்பு வலை, தரையை ஒட்டிய மிகச் சிறிய கைப்பிடி வகைக்குத் தேவையில்லை. 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட விட்டத்தில், குழந்தை சுதந்திரமாகக் குதிக்கும் வகைக்கு வேண்டும். வலை ஸ்பிரிங்குகளுக்கு உள்பக்கமாக, விரிப்பின் ஓரத்திலேயே இணையும் அமைப்பே மேல். வெளிப்பக்க வலை குழந்தை ஸ்பிரிங்குகளின் மேல் விழுவதைத் தடுக்காது. நுழைவாயிலுக்கு ஜிப்பும் அதன்மேல் கொக்கியும் இருக்கட்டும். வலை இருக்கிறது என்ற தைரியத்தில் கண்காணிப்பைத் தளர்த்துவது ஆபத்து, ஏனெனில் காயங்களில் பெரும்பகுதி விரிப்பின் மீதே நேர்கின்றன. அவற்றை வலை தடுப்பதில்லை.

தரக் குறியீடுகளில், ஐரோப்பாவின் இஎன் 71-14 என்பது வீட்டு உபயோக டிராம்போலின்களுக்கென்றே வகுக்கப்பட்டது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை பொருளின் மீது இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப்381 என்ற தரம் நடைமுறையில் இருக்கிறது. 51 சென்டிமீட்டரை விட உயரமான டிராம்போலின்கள் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உகந்தவை அல்ல என்ற எச்சரிக்கை அதன் வழி வந்தது. பழைய டிராம்போலினை வாங்க நேர்ந்தால், கையேடும் எல்லா உதிரிகளும் இருக்கின்றனவா, வெல்டிங்கில் துரு இருக்கிறதா, விரிப்பின் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எடை வரம்பு என்னவென்று தெரியாத ஒன்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

பொருத்துதல்

குழந்தைகள் தூங்கும் நேரத்திலோ வெளியே இருக்கும் நேரத்திலோ இரண்டு பெரியவர்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. கனமான கையுறையும், கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். இழுபட்ட ஸ்பிரிங் கைநழுவினால் பலமாகத் தெறிக்கும். பெட்டியிலுள்ள பாகங்களை விரித்து, கையேட்டின் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு போல்ட் குறைந்தாலும் வேறொன்றை வைத்துச் சமாளிக்காமல், விற்றவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, கொஞ்சம் பஞ்சை எடுத்து எல்லாக் குழாய்களின் மீதும், குறிப்பாக வெட்டுமுனைகளிலும் துளைகளைச் சுற்றிலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தால் பஞ்சின் இழை அதில் மாட்டி நிற்கும். அந்த இடத்தை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்து விடுங்கள்.

சட்டகத்தின் வளைகுழாய்களைச் சமதரையில் வட்டமாக இணையுங்கள். போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் முறுக்கி வைத்து, கால்கள் எல்லாம் பொருத்தி நிமிர்த்திய பிறகு ஸ்பேனரால் இறுக்க வேண்டும். தொடக்கத்திலேயே ஒவ்வொன்றாக முழுதாக இறுக்கினால், கடைசிக் காலின் துளை நேராக அமையாமல் தொந்தரவு கொடுக்கும். போல்ட்டின் வழவழப்பான தலை குழந்தையின் பக்கமும், நட்டு இருக்கும் முனை வெளிப்படாத பக்கமும் வரட்டும். ரப்பர் மூடிகள் எல்லாக் கால்களிலும் முழுமையாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து, சட்டகத்தின் எதிரெதிர் ஓரங்களை அழுத்தி ஆட்டம் இருக்கிறதா என்று சோதியுங்கள்.

ஸ்பிரிங் மாட்டும் வரிசைதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி வரிசையாக மாட்டிக்கொண்டே போனால், பாதி வட்டம் முடிவதற்குள் விரிப்பு ஒரு பக்கமாக இழுபட்டு, மீதியுள்ளவை துளையை எட்டவே எட்டாது. அதற்குப் பதிலாக எதிரெதிராக மாட்ட வேண்டும். 32 ஸ்பிரிங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சட்டகத்தின் துளைகளுக்கும் விரிப்பின் வளையங்களுக்கும் 1 முதல் 32 வரை சிறிய ஒட்டு நாடாவில் எண் எழுதி ஒட்டிவிடுங்கள். முதலில் 1, 17 ஆகிய இரண்டையும், பிறகு 9, 25 ஆகிய இரண்டையும் மாட்டுங்கள். விரிப்பு நான்கு திசைகளில் நிற்கும். அடுத்து அவற்றின் நடுவில் வரும் 5, 21, 13, 29. அதன் பிறகு எஞ்சிய ஒற்றைப்படை எண்கள் எட்டும், எதிரெதிராகவே. கடைசியாக இரட்டைப்படை எண்கள் பதினாறு. முதல் நான்கையும் மாட்டியவுடன் நின்று, ஒவ்வொரு கால்வட்டத்திலும் இடையே ஏழு துளைகளும் ஏழு வளையங்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒன்று பிசகியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். இருபது ஸ்பிரிங் மாட்டிய பிறகு கண்டுபிடித்தால் பெரும்பாலானவற்றைக் கழற்ற வேண்டியிருக்கும். உங்களுடையதில் எண்ணிக்கை வேறாக இருந்தாலும், பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போகும் இந்த முறையே பொருந்தும்.

ஸ்பிரிங்கை முதலில் விரிப்பின் வளையத்தில் மாட்டி, பிறகு அதனோடு கொடுத்திருக்கும் கொக்கிக் கருவியால் இழுத்துச் சட்டகத்தின் துளையில் இறக்குங்கள். கொக்கியின் கூர்முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். இழுக்கும்போது முகத்தை அந்தக் கோட்டுக்கு நேராக வைக்காதீர்கள். எலாஸ்டிக் பட்டை வகையிலும் வரிசை இதுவே. ஒரே நீளக் கயிறாக இருந்தால் கையேட்டிலுள்ள கோர்க்கும் முறையைத் தவறாமல் பின்பற்றி, முடிச்சை இரண்டு முறை சரிபாருங்கள்.

மடக்கும் வகையில் விரிப்பும் ஸ்பிரிங்கும் ஏற்கெனவே மாட்டியிருக்கும் என்பதால் அது எளிது என்று தோன்றும்; உண்மையில் அதிக எச்சரிக்கை தேவைப்படுவது இதற்குத்தான். சட்டகத்தை விரிக்க விரிக்க ஸ்பிரிங்குகளின் இழுவிசை கூடிக்கொண்டே போகும். பாதி திறந்த நிலையில் கைவிட்டால் அது பொறிபோல மூடிக்கொண்டு விரல்களை நசுக்கிவிடும். இருவர் எதிரெதிரே நின்று, கீல்களுக்கு அருகில் விரல் வைக்காமல், வெளி விளிம்புகளை ஒரே நேரத்தில் கீழே அழுத்தி முழுவதும் விரியும்வரை பிடியை விடாமல் இருக்க வேண்டும். அன்றாடம் மடக்கி விரிப்பது வேண்டாம் என்பேன். இடம் தேவைப்படும்போது கால்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து, சரிந்துவிடாதபடி கட்டி வையுங்கள்.

விளிம்பு மெத்தையை இறுதியாகப் போட்டு, அதன் நாடாக்களை ஒவ்வொரு காலருகிலும் கட்டுங்கள். வலை இருந்தால் தண்டுகளுக்கு ஃபோம் உறை மாட்டி நிறுத்தி, அடிப்பகுதியை எந்த இடத்திலும் ஒரு குழந்தையின் கால் நுழையும் அளவு இடைவெளி இல்லாமல் கோர்த்து இறுக்குங்கள். புதிய பிளாஸ்டிக்கின் வாடை போகும்வரை ஜன்னலைத் திறந்து ஒரு நாள் விட்டுவிடுவது நல்லது.

குழந்தை ஏறுவதற்கு முன் சோதனை

விரிப்பின் நடுவில் உள்ளங்கையால் பலமாக அழுத்தி, எல்லாப் பக்கமும் ஒரே சீராக இழுபடுகிறதா என்று பாருங்கள். பிறகு, குழந்தையின் எடைக்கு நிகரான அரிசி மூட்டையோ மணல் பையோ ஒன்றை நடுவில் வைத்துச் சற்று நேரம் விட்டு, ஸ்பிரிங் ஏதேனும் நழுவுகிறதா, கால் ஏதேனும் அகலுகிறதா என்று கவனியுங்கள்.

இன்னொரு சோதனை மிக முக்கியமானது. குதிக்கும்போது விரிப்பு தரையைத் தொடவே கூடாது. தாழ்வான டிராம்போலின்களில் இது நேர்ந்தால், குழந்தை மெத்தென்ற பரப்பில் குதிப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, அதன் குதிகால் ஒவ்வொரு முறையும் கட்டாந்தரையில் மோதிக்கொண்டிருக்கும். ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள மென்மையான களிமண் உருண்டை ஒன்றை விரிப்பின் நடுவுக்கு நேர் கீழே தரையில் வைத்து, குழந்தையை வழக்கம்போலச் சில முறை குதிக்கச் செய்து பாருங்கள். உருண்டை வடிவம் மாறாமல் இருந்தால் இடைவெளி போதுமானது. உச்சி சற்றே தட்டையாகியிருந்தால், குழந்தையின் எடை கூடக் கூட இந்தச் சோதனையை அடிக்கடி திரும்பச் செய்ய வேண்டும். முழுதாக நசுங்கியிருந்தால் அந்த டிராம்போலின் அந்தக் குழந்தைக்கு ஏற்றதல்ல.

குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தல்

முதலில் கற்றுத்தர வேண்டியது நிற்பதற்கு. விரிப்பைத் தொடும் நேரத்தில் முழங்கால்களை நன்றாக மடக்கினால் துள்ளல் அடங்கிவிடும் என்பதைச் செய்து காட்டி, ‘நில்’ என்று சொன்னவுடன் நிற்கும் வரை அதையே விளையாட்டாகப் பழக்குங்கள். அது வந்த பிறகு, கால்களை இடுப்பளவு அகற்றி, பார்வையை எதிரே ஒரு புள்ளியில் நிறுத்தி, கணுக்கால் உயரத்துக்குச் சிறு குதிகள். நடுவிலேயே இறங்கப் பழகுவதற்காக விரிப்பின் மையத்தில் ஒரு வட்டம் வரைந்து கொடுத்தால் குழந்தை தானாகவே அதைக் குறிவைக்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். களைத்த கால்களுக்குக் கட்டுப்பாடு குறைந்துவிடும். சாப்பிட்ட உடனே குதிக்க வேண்டாம்.

காலுறை வழுக்கும் என்பதால் வெறுங்காலே சிறந்தது. சங்கிலி, வளையல், கழுத்துக் கயிறுள்ள சட்டை, பையிலுள்ள பென்சில், வாயிலுள்ள மிட்டாய் ஆகியவற்றை ஏறுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். கையில் பொம்மையோடு குதிக்கவும் விடாதீர்கள். இறங்கும்போது தரைக்குத் தாவாமல், ஓரத்தில் உட்கார்ந்து கால் ஊன்றி இறங்குவதே முறை. தாவி இறங்கும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் மாற்றுவது கடினம்.

குட்டிக்கரணத்துக்கு இடமே இல்லை. டிராம்போலின் 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து ஒலிம்பிக் விளையாட்டாக இருக்கிறது. அதில் கரணம் போடுபவர்கள் பயிற்சியாளரின் மேற்பார்வையில், தடித்த மெத்தைகள் சூழ, ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள். வீட்டில் அதைப் பார்த்துச் செய்ய முயலும்போது தலையோ கழுத்தோ முதலில் இறங்கினால், தண்டுவடம் பாதிக்கப்படும் அளவுக்குக் காயம் நேரலாம்.

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் முறை வைத்துக் குதிப்பதற்கு ஒரு நல்ல வழி, காத்திருப்பவருக்கும் ஒரு வேலை கொடுப்பது. சுற்றியுள்ள வெற்றிடத்துக்கு வெளியே ஓர் இருக்கையைப் போட்டு, குதிப்பவரின் எண்ணிக்கையை உரக்கச் சொல்லும் பொறுப்பைக் காத்திருக்கும் பிள்ளையிடம் ஒப்படைத்தால், நாற்பது எண்ணியதும் இடம் மாறிக்கொள்வார்கள். சண்டையும் குறையும், காத்திருக்கும் பிள்ளை டிராம்போலினுக்கு அடியில் தவழ்ந்து போகும் ஆபத்தும் இராது. பெரியவர் இல்லாத நேரத்தில் டிராம்போலின் கண்ணில் படும்படி இருந்தால் குழந்தை ஏறத்தான் செய்யும் என்பதால், அந்த அறையைப் பூட்டி வையுங்கள், அல்லது நிமிர்த்திக் கட்டி வையுங்கள்.

பராமரிப்பு

ஒவ்வொரு முறையும் குழந்தை ஏறுவதற்கு முன் சுற்றிவந்து ஒரு பார்வை பார்ப்பது பழக்கமாக வேண்டும்: மெத்தை விலகியிருக்கிறதா, அடியில் பந்தோ பொம்மையோ உருண்டு போயிருக்கிறதா, பூனையோ நாயோ படுத்திருக்கிறதா என்பதற்கு அது போதும். மாதம் ஒருமுறை எல்லா போல்ட்டுகளையும் இறுக்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் தொடர்ந்த அதிர்வில் அவை தளரும். கைப்பிடியின் போல்ட்டுகளே முதலில் தளர்பவை. விரிப்பைக் கையால் தடவி, தையல் விட்டிருக்கிறதா, சிறு துளை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். துளை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒட்டுப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. இழுவிசையில் அது ஒரே குதியில் கிழிந்துவிடும். ஈரத்துணியாலும் மென்மையான சோப்பு நீராலும் துடைத்து, நிழலில் உலர விடுங்கள். நேர் வெயில் படும் ஜன்னலோரம் விரிப்பையும் எலாஸ்டிக்கையும் வலுவிழக்கச் செய்யும்.

மற்றவற்றோடு ஒப்பிட நீண்டுபோன ஸ்பிரிங், சுருள்களுக்கிடையே வெளிச்சம் தெரியும் ஸ்பிரிங், துருவேறிய ஸ்பிரிங் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். புதியது வாங்கும்போது, தேய்ந்ததை அளக்காமல், நல்ல நிலையில் உள்ள ஒன்றைக் கழற்றி, இழுபடாத நிலையில் ஒரு கொக்கியின் வெளிவிளிம்பிலிருந்து மறு கொக்கியின் வெளிவிளிம்பு வரை அளந்து அதே நீளத்தில் கேளுங்கள். நீளத்தில் சிறிது வேறுபட்டாலும் விரிப்பு அந்தப் பக்கம் கோணலாக இழுபட்டு, குழந்தை ஒவ்வொரு குதியிலும் ஒரே திசையில் தள்ளப்படும். பல ஸ்பிரிங்குகள் ஒரே காலத்தில் தளர்ந்திருந்தால் முழுத் தொகுப்பையும் மாற்றுவதே சரி.

குழந்தையின் எடை வரம்பை நெருங்கும்போது அதன் பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் கையேட்டோடும் எடை வரம்புச் சீட்டோடும் வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்கலாம். கழற்றும்போதும் ஸ்பிரிங்குகளை மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில், எதிரெதிராகவே விடுவிக்க வேண்டும். சட்டகம் வளைந்திருந்தாலோ வெல்டிங் விரிசல் விட்டிருந்தாலோ யாருக்கும் கொடுக்காமல், யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி விரிப்பைக் கத்தரித்துவிட்டு, குழாய்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.